கடைமடைக்கு இரண்டு நிமிடம்

ராத்திரி பதினொன்றரை.
தலைஞாயிறுக்குக் கிழக்கே, ரெகுலேட்டர் மேல்
டார்ச் பிடித்து நிற்கிறேன்.
அண்ணன் அருமைக்கண்ணு, பொதுப்பணித்துறை லஸ்கர்,
கிரீஸ் தடவுகிறான் திருகுக்கு.
எனக்கு லீவு இன்னும் நாலு நாள்.

மேட்டூரில் திறந்து பதினெட்டு நாளாகிறது.
கல்லணையைத் தாண்டியாச்சு என்று ஒரு போன்.
நீடாமங்கலத்தில் கண்ணால் பார்த்தேன் என்று இன்னொன்று.
அரிச்சந்திரா நதி மட்டும்
வெடித்த உதட்டோடு கிடக்கிறது, பதில் பேசாமல்.

"நீ ரேடார்ல பாக்குற அந்தப் புது ராக்கெட்டு
எவ்ளோ வேகம் வரும்?"

சத்தத்தைப் போல ஆறு மடங்கு என்றேன்.
"ம்" என்றான்.
மேட்டூரிலிருந்து இங்கே ரெண்டு நிமிஷம் என்றேன்.
கிரீஸ் டப்பாவைக் கீழே வைத்தான்.
"யாருக்கு மொத முறைன்னு
சண்டை போடக்கூட நேரமில்லியே."

அந்தச் சண்டைதான் அண்ணே, எங்கள் உத்தியோகம்.

பழையது கவண்கல்.
எகிறும்போதே சொல்லிவிடும் விழப்போகிற இடத்தை.
நாங்கள் கணக்குப் போட்டு
எதிர்க்கல் எறிய நேரம் இருக்கும்.
இது தாழ்ந்து வருகிறது,
பூமியின் முதுகுக்கு அந்தப்புறமாகவே.
தலை தூக்கும்போது பாதி வழி முடிந்திருக்கும்.
அப்புறமும் நேரே வராது.
சேற்றில் விலாங்கு பிடித்திருக்கிறாயே,
கை போன இடத்தில் அது இருந்ததுண்டா?

மேலே செயற்கைக்கோள் பார்க்கும்,
பார்க்காமலில்லை.
உடம்பெல்லாம் தீயை உடுத்தி வருகிற ஒன்று
எப்படித் தெரியாமல் போகும்?
ஆனால் கஜா வருவதும்தான் தெரிந்திருந்தது,
ஒரு வாரம் முன்னாலேயே.
ஒரு தென்னையை நகர்த்தி வைத்தோமா?

போன மாதம் ஒரு பயிற்சி.
நிஜமில்லை, கம்ப்யூட்டர் அனுப்பிய ஒரு புள்ளி.
நாலு நிமிஷம் கொடுத்தார்கள்.
முதல் நிமிஷம்
அது புள்ளிதான், திரையின் கோளாறில்லை
என்று நம்புவதற்கே போனது.
இரண்டாவது, மேலே சொல்ல.
மேலே இருப்பவர் அவருக்கும் மேலே சொல்ல.
மூன்றாவதில் அனுமதி வந்தது,
எங்கே நோக்கி என்று கேட்டோம்.
அது திரும்பிவிட்டிருந்தது.
நான் "சார், தென்கிழக்கே" என்று தொடங்கி
"கிழக்கே"யை முடிப்பதற்குள்
திரையில் பச்சை எழுத்து: பயிற்சி முடிந்தது.
யாரும் திட்டவில்லை.
டீ வந்தது, குடித்தோம்.
என் நகரத்துக்கு வைத்திருந்த பெயர்
டி-பதினொன்று.

இதை அண்ணனிடம் சொல்லவில்லை.
அவன் காதைச் சாய்த்து நின்றான்.

தண்ணீருக்கு முன்னால் சத்தம் வரும்,
அது இந்த ஊர் வழக்கம்.
முதலில் ஆற்றுக்குள் படுத்திருந்த நாய் எழுந்து கரையேறியது.
பிறகு ஒரு சலசலப்பு,
காய்ந்த நாணலை யாரோ இழுத்துப் போவதுபோல.
அதற்கும் பிறகுதான் நுரை, சருகு,
ஒற்றைச் செருப்பு,
சருகின் மேல் எறும்புக் கூட்டம்.

அதற்கு இந்த மரியாதை தெரியாது.
சத்தத்தை வழியில் விட்டுவிட்டு வரும்.
சத்தம் வந்து சேரும்போது
யாரைத் தேடும்?

"புடி" என்றான்.
இரண்டு பேருமாகத் திருகைச் சுற்றினோம்.
சட்டர் ஒரு சாண் ஏற நாற்பது சொச்சம் சுற்று,
சுற்றுக்கு மூன்று விநாடி.
எண்ணக்கூடாது என்றுதான் நினைத்தேன்.
இருபத்தைந்தில் கல்லணை.
முப்பத்தேழில் நீடாமங்கலம்.

"என்னடி முணுமுணுக்குறே?"

ஒண்ணுமில்ல.
சுத்து.